பாம்பு கடித்த கால்: அன்று கீறாததும் சரி, இன்று வெட்டச் சொல்வதும் சரி

வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். சுருக்கித் தருகிறேன். ஊர், பெயர், வைத்தியசாலை எதையும் சொல்லவில்லை, ஆளை அடையாளம் காட்டக்கூடிய ஒன்றிரண்டு விபரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

அவருக்கு வயது 34, படுவான்கரைப் பக்கம், இரண்டு பிள்ளைகள். கணவருக்கு 41, குத்தகைக்கு எடுத்த வயலைச் செய்கிறவர். மாரிப் போகத்தில் ஒருநாள் மாலை ஏழு மணிபோல் வக்கடை (வரம்பில் தண்ணீர் போக விடும் வாய்) கட்டப் போனவரை வரம்பில் வைத்துப் பாம்பு கடித்திருக்கிறது, வலது பாதத்தில், சின்னவிரலுக்குப் பக்கத்தில். டோர்ச் அடித்துப் பார்த்தபோது தடித்த உடம்பும் முதுகில் சங்கிலி மாதிரி வட்டங்களும் தெரிந்திருக்கின்றன. கணவரின் அண்ணன் கணுக்காலுக்கு மேலே சைக்கிள் டியூப்பால் இறுக்கிக் கட்டி, மோட்டார் சைக்கிளில் ஏற்றி, பரிகாரியார் (நாட்டு வைத்தியர்) ஒருவரிடம் கொண்டுபோயிருக்கிறார். அங்கே கடிவாயைப் பிளேட்டால் கீறி, பச்சிலை அரைத்துப் பூசி, தண்ணீர் ஓதிக் கொடுத்திருக்கிறார்கள். கீறிய இடத்திலிருந்து இரத்தம் நிற்காமல் வடிந்து, கண் இமையும் தொங்கத் தொடங்கிய பிறகுதான் வைத்தியசாலைக்கு வந்திருக்கிறார்கள். அப்போது இரவு பதினொன்றரை.

விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள், உயிர் தப்பியது. ஆனால் கால் தொடை வரை வீங்கியது, பாதத்தில் கொப்புளங்கள் வந்தன. அந்த இரவில் டொக்டர்கள் இரண்டு தடவை வந்து, வீக்கத்தின் அழுத்தம் இறங்கக் காலைக் கீறித் திறப்பதா வேண்டாமா என்று தங்களுக்குள் பேசி, கடைசியில் கீறாமல் விட்டார்களாம். இன்று பன்னிரண்டாவது நாள். நான்காம் ஐந்தாம் விரல்கள் கறுத்துவிட்டன. பாதத்தின் மேல்பக்கத்தில் உள்ளங்கை அளவுக்குத் தோல் செத்திருக்கிறது. செத்த சதையை எடுத்து, அந்த இரண்டு விரலையும் எடுத்து, பிறகு தொடையிலிருந்து தோல் வைத்து மூடவேண்டும் என்கிறார்கள். தனியார் கிளினிக் ஒன்றில் வேலை செய்யும் உறவினர் ஒருவரோ, முதல் நாளே கீறியிருந்தால் இப்படி வந்திருக்காது என்று சொல்லியிருக்கிறார். அண்ணனும் மாமியாரும், கையெழுத்து வைத்துக் கூட்டிக்கொண்டு போய் வெட்டாமல் சுகப்படுத்தும் இன்னொரு வைத்தியரிடம் காட்டுவோம் என்று நிற்கிறார்கள். வாசகி கேட்பது இது: "அண்டைக்குக் கீறாம விட்டவங்கள், இண்டைக்கு விரலை வெட்டச் சொல்றாங்கள். நான் எப்பிடி நம்பிக் கையெழுத்து வைக்கிறது?"

தங்கச்சி, உங்கள் கேள்வியில் இருக்கிற கோபம் நியாயமானது. பன்னிரண்டு நாளாக வாட்டுக்கு வெளியே பாய் விரித்துப் படுத்திருக்கிற ஒருவருக்கு இந்த இரண்டு முடிவும் ஒன்றையொன்று மறுப்பது போலத்தான் தெரியும், யாரும் உட்கார்ந்து விளக்கிச் சொல்லவில்லை என்றால் இன்னும் மோசம். நான் உங்கள் கணவரை நேரில் பார்க்கவில்லை, நீங்கள் அனுப்பிய இரண்டு படத்தையும் எழுதிய விபரத்தையும் வைத்துத்தான் சொல்கிறேன். என் பதில் இதுதான்: அன்று கீறாமல் விட்டது அவருடைய உயிரைக் காத்திருக்கிறது. இன்று எடுக்கச் சொல்வது அவருடைய பாதத்தைக் காக்கத்தான். பாம்பு கடித்த காலில் கத்தி வைப்பதற்கு ஒரு நேரம் இருக்கிறது. முந்தினாலும் ஆபத்து, பிந்தினாலும் ஆபத்து.

முதல் இரவு ஏன் கீறவில்லை

முதலில் பாம்பைச் சொல்லிவிடுகிறேன். முதுகில் சங்கிலி வட்டம், கீறிய இடத்தில் நிற்காத இரத்தம், தொங்கிய கண் இமை, இந்த மூன்றும் ஒருவரிடம் சேர்ந்து வந்தால் எங்கள் பக்கத்தில் அது கண்ணாடி விரியன்தான், நீங்கள் புடையன் என்று சொல்வது. இரத்தத்தை உறையவிடாமல் செய்து, அதோடு நரம்பையும் தளரவைப்பது இலங்கைப் புடையனின் குணம். நாகம் கடித்தாலும் இமை தொங்கும், ஆனால் இரத்தம் இப்படி ஓடாது.

வைத்தியசாலைக்கு வந்தவுடன் அவரிடம் கொஞ்சம் இரத்தம் எடுத்து ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் விட்டு மேசையில் வைத்திருப்பார்கள், நீங்கள் கவனித்தீர்களோ தெரியாது. 2 மில்லிலீற்றர்தான். புதுக் குழாயாக, சுத்தமாக, காய்ந்ததாக இருக்கவேண்டும். 20 நிமிடம் யாரும் தொடக்கூடாது, ஆட்டிப் பார்க்கக்கூடாது. அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை சரித்துப் பார்ப்போம். சாதாரண ஆளின் இரத்தம் ஜெலி மாதிரி அடியில் ஒட்டிக்கொண்டு நிற்கும். புடையன் கடித்தவரின் இரத்தம் சிவப்புத் தண்ணீர் மாதிரி வாய்வரை ஓடி வரும். எத்தனையோ தடவை அந்தக் குழாயைச் சரித்திருக்கிறேன், ஓடி வருகிறதைக் காணும்போது இன்றைக்கும் வயிற்றுக்குள் ஒரு குளிர் வரும். இரத்தம் உறைய உதவும் பொருட்களை விஷம் ஏற்கெனவே தீர்த்துவிட்டது என்று அர்த்தம். விஷமுறிவு மருந்து ஏற்றினாலும் அந்த நிமிடமே சரியாகாது, மருந்து விஷத்தைப் பிடித்த பிறகு ஈரல் அந்தப் பொருட்களைப் புதிதாகச் செய்ய வேண்டும், அதற்குச் சில மணித்தியாலங்கள் பிடிக்கும். ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை திரும்பத் திரும்ப இரத்தம் எடுத்தது அதற்குத்தான்.

இப்படி இரத்தம் ஓடுகிற ஒருவரின் கெண்டைக்காலை இரண்டு பக்கமும் நீளத்துக்குக் கீறித் திறந்தால் என்ன நடக்கும்? பயிற்சிக் காலத்தில் ஒருமுறை பார்த்தேன். எந்த வைத்தியசாலை என்பது இங்கே தேவையில்லை. வீக்கத்தைப் பார்த்துப் பயந்து அவசரமாகக் கீறிவிட்டார்கள், கீறின பிறகு விடியும்வரை இரத்தம் ஏற்றிக்கொண்டே இருந்தோம், கட்டுக்கு மேல் கட்டு, எல்லாம் நனைந்து கட்டிலிலிருந்து சொட்டியது. அந்த மனிதர் பிழைத்தார். ஆனால் அந்தக் கீறல் ஆறுவதற்கு நான்கு மாதம் எடுத்தது, பாம்பு கடித்த காயமோ இரண்டு கிழமையில் ஆறிவிட்டது.

உங்கள் உறவினர் சொன்னதிலும் ஒரு உண்மை இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. காலின் தசைகள் உறை போட்ட மாதிரி தனித்தனிக் கட்டுகளாக இருக்கின்றன, முழங்காலுக்குக் கீழே மட்டும் நான்கு கட்டு. அந்த உறை இழுபடாது. உள்ளே வீக்கம் ஏறி அழுத்தம் கூடினால் தசைக்கு இரத்தம் போகாது, சில மணித்தியாலத்தில் தசை சாகத் தொடங்கும். அப்படி வந்தால் உறையைக் கீறித் திறப்பதுதான் வைத்தியம். எலும்பு முறிந்த கால்களில் இதை அடிக்கடி செய்கிறோம். பாம்புக்கடியில் விஷயம் வேறு. பெரும்பாலும் வீக்கம் தோலுக்கும் தசையுறைக்கும் இடையில்தான் நிற்கும். கால் உரல் மாதிரி இருக்கும், தோல் மினுங்கும், தொட்டால் கத்துவார், பாதத்தில் நாடி கைக்குப் பிடிபடாது, இவ்வளவும் இருந்தும் உள்ளே தசைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. வெளித்தோற்றத்தை வைத்து முடிவெடுத்தால் பத்தில் பல கால்களை வீணாகக் கீறிவிடுவோம்.

அதனால்தான் அளந்து பார்க்கச் சொல்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் தென்கிழக்காசியாவுக்காக 2016இல் வெளியிட்ட வழிகாட்டியில் மூன்றும் சேர்ந்திருந்தால்தான் கீறலாம் என்று இருக்கிறது: இரத்தம் உறைவது சரியாகியிருக்க வேண்டும், அறிகுறிகள் தெளிவாக இருக்கவேண்டும், தசைக்கட்டுக்குள் ஊசி விட்டு அளந்த அழுத்தம் 40 மில்லிமீற்றர் இரசத்துக்கு மேல் இருக்கவேண்டும். அந்த ஊசி எல்லா இடத்திலும் இருக்காது. இல்லாத இடத்தில் டொப்ளர் ஸ்கேன் வைத்து இரத்தம் ஓடுகிறதா என்று கேட்போம், விரலை மெல்ல மேலே மடக்கி இழுக்கும்போது கெண்டைக்குள் தாங்கமுடியாத நோவு வருகிறதா என்று பார்ப்போம், ஒரு மணித்தியாலம் கழித்துத் திரும்பவும் பார்ப்போம். உங்கள் கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள், "ராவு முழுக்க வந்து வந்து விரலை இழுத்துப் பார்த்தாங்கள், சின்ன மைக் மாதிரி ஒண்டை வைச்சுப் பார்த்தாங்கள்" என்று. அந்த மைக்தான் டொப்ளர். அவர்கள் சும்மா விட்டுவிடவில்லை, பார்த்துப் பார்த்துத்தான் விட்டிருக்கிறார்கள்.

இன்னொரு சாட்சி உங்கள் கணவரின் காலே. இன்று கறுத்திருப்பது விரலும் பாதத்தின் மேல்தோலும். கெண்டை மெத்தென்று இருக்கிறது, கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். கெண்டைத் தசை செத்திருந்தால் இது நடக்காது. அன்று கீறியிருந்தாலும் இந்த இரண்டு விரல் தப்பியிருக்காது.

கட்டினது பற்றி

இதை எழுதக் கொஞ்சம் தயங்கினேன். உங்கள் மாமியார், ஆஸ்பத்திரியில் கட்டை அவிழ்த்ததால்தான் விஷம் பரவியது என்று சொல்கிறாராம், அதனால் சொல்லாமலும் விடமுடியாது.

இலங்கையில் புடையன் கடித்தால் வீக்கமும் கொப்புளமும் வழமை. ஆனால் சதை இந்தளவுக்குச் சாவது வழமையில்லை. அது நாகத்தின் வேலை, அல்லது ஈரவலயப் பக்கம் அதிகமாக இருக்கும் கூன்மூக்கு விரியனின் வேலை. நீங்கள் அனுப்பிய முதல் படத்தில் கணுக்காலுக்கு மேலே வளையம் போட்ட மாதிரி ஒரு பள்ளம் தெரிகிறது, விரல் வைத்தால் புதையும் போல. நாலு மணித்தியாலத்துக்கு மேல் டியூப் அங்கே இறுகி இருந்திருக்கிறது. இறுக்கிக் கட்டினால் முதலில் திரும்பிப் போகிற இரத்தம் நிற்கும், வீக்கம் கூடும், வீங்க வீங்கக் கட்டு இன்னும் இறுகும், கடைசியில் விரலுக்குப் போகிற இரத்தமும் குறையும். அதற்கு மேல் உறையாத இரத்தம் இருக்கும் காலில் பிளேட் கீறல், அதற்கு மேல் மண்ணோடு பறித்த இலை. கடிவாய்க்குப் பக்கத்து இரண்டு விரலும் செத்ததில் விஷத்தின் பங்கு எவ்வளவு, கட்டின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. இரண்டும் சேர்ந்துதான் என்று நினைக்கிறேன்.

வைத்தியசாலையில் கட்டை அவிழ்த்தது சரியான காரியம். அவிழ்த்தவுடன் தேங்கியிருந்த விஷம் மேலே போகும் என்பது உண்மை, அதனால்தான் மருந்தைத் தயாராக வைத்துக்கொண்டு அவிழ்ப்போம். அவிழ்க்காமல் விட்டிருந்தால் பாதம் முழுக்கப் போயிருக்கும்.

இதை வைத்து உங்கள் மச்சானோடு சண்டை பிடிக்காதீர்கள். தம்பி சாகக்கூடாது என்று பதறிப்போய்த்தான் கட்டினார். எங்கள் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாகக் கட்டத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். இனிமேல் ஊரில் யாருக்காவது கடித்தால் கட்டவும் வேண்டாம், கீறவும் வேண்டாம், உறிஞ்சவும் வேண்டாம். மோதிரம், மெட்டி, கொலுசு இருந்தால் உடனே கழற்றுங்கள். காலை அசைக்காமல் பலகையோ தடியோ வைத்துத் துணியால் தளர்வாகச் சுற்றி, ஆளை நடக்கவிடாமல், 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். அது வரத் தாமதமாகும் இடமென்றால் ஓட்டோவில் கிட்டிய அரச வைத்தியசாலைக்குப் போங்கள். பாம்பை அடித்துக்கொண்டு வரத் தேவையில்லை, தூரத்தில் நின்று போனில் ஒரு படம் எடுத்தால் போதும்.

இன்னும் விஷமுறிவு மருந்து ஏற்றினால் சதை திரும்புமா

திரும்பாது. இந்த மருந்து இந்தியாவில் குதிரையில் செய்து வருகிறது. நாகம், கண்டங்கருவளை, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கு எதிரானது. இரத்தத்தில் ஓடுகிற விஷத்தைப் பிடித்துச் செயலிழக்கச் செய்வதுதான் அதன் வேலை, செத்த சதையை உயிர்ப்பிக்க அதால் முடியாது. பன்னிரண்டாம் நாள் உடம்பில் பிடிப்பதற்கு விஷமும் இல்லை. அவருக்கு முதல் தடவை மருந்து ஏற்றும்போது உடம்பு முழுக்கத் தடித்து, நடுங்கி, பிரஷர் இறங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். அது இந்த மருந்துக்கு அடிக்கடி வருகிற ஒவ்வாமை. அதனால்தான் ஏற்றுவதற்கு முன் தோலுக்குக் கீழே கொஞ்சமாக அட்ரினலின் போடுகிறோம். அது கடுமையான ஒவ்வாமையைக் குறைக்கிறது என்று இலங்கை வைத்தியசாலைகளிலேயே ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் சோதித்து 2011இல் முடிவு வெளியிட்டார்கள், இன்று அந்த முடிவை வெளிநாடுகளிலும் எடுத்துப் பேசுகிறார்கள். தேவையில்லாமல் இன்னொரு தடவை அந்த ஆபத்துக்குள் அவரைத் தள்ளவேண்டாம். மருந்து தரமில்லை என்று யாரோ சொன்னதையும் மனதில் வைக்காதீர்கள். அவருடைய இரத்தம் அடுத்த நாள் காலையே குழாயில் உறைந்தது, இமையும் தூக்கியது, மருந்து செய்யவேண்டிய வேலையைச் செய்துவிட்டது.

இன்று ஏன் வெட்டவேண்டும்

முதல் சில நாட்களில் எது செத்தது, எது பிழைக்கும் என்று கண்ணால் சொல்லமுடியாது. ஊதா நிறமாக இருந்த தோல் திரும்பி வரும், நன்றாக இருந்தது கறுத்துவிடும். நாட்கள் போகப் போகத்தான் இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு விழும். உங்கள் இரண்டாவது படத்தில் அந்தக் கோடு தெளிவாக விழுந்திருக்கிறது. கோடு விழுந்த பிறகு செத்த பகுதியை வைத்திருப்பதால் ஒரு லாபமும் இல்லை. கிருமிக்கு அது உணவு. இரத்தம் ஓடாத இடத்துக்கு அன்டிபயோட்டிக் ஊசியும் போய்ச் சேராது, ஊசி போகிற பாதையே இரத்தம்தானே.

ஒரு விஷயத்தை வாட்டில் கேளுங்கள், இதில் நான் உங்கள் பக்கம் நின்று யோசிக்கிறேன். செத்த விரல் சில நேரம் காய்ந்த புளியம்பழம் மாதிரிச் சுருங்கிக் கறுத்து நிற்கும். மணம் இல்லை, நீர் இல்லை, காய்ச்சல் இல்லை. அப்படியென்றால் அவசரமில்லை, சில சத்திர சிகிச்சை நிபுணர்கள் காத்திருந்து அது தானாகவே கழன்று விழ விடுவார்கள், அதில் கொஞ்சம் நீளம் மிஞ்சும். ஈரமாக, மணத்தோடு, பக்கத்துத் தோல் சிவந்து இருந்தால் காத்திருக்க முடியாது. படத்தில் எனக்குத் தெரிவது ஈரம். கட்டு மாற்றும்போது மணக்கிறது என்றும் இரண்டு நாளாக அந்திக்குக் காய்ச்சல் என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதோடு இரண்டு வருடத்துக்கு முன் சீனி கூட என்று சொல்லி மருந்து எடுக்காமல் விட்டவர். சீனி வருத்தம் உள்ள காலில் கிருமி பரவும் வேகம் வேறு. இந்த நிலையில் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனால், இன்று இரண்டு விரலோடு முடிகிற காரியம் முழங்காலுக்குக் கீழே எடுப்பதில் போய் நிற்கலாம், கிருமி இரத்தத்தில் ஏறினால் உயிரே போகலாம். பயமுறுத்துவதற்காக எழுதவில்லை தங்கச்சி, இப்படிக் கையெழுத்து வைத்துப் போய் ஒரு கிழமையில் திரும்பி வந்தவர்களின் காலை நான் எடுத்திருக்கிறேன்.

வெட்டாமல் சுகப்படுத்தும் வைத்தியர் பற்றி

அவர் நிறையப் பேரைக் காப்பாற்றியிருக்கிறார் என்று மாமியார் சொல்வது பொய்யாக இருக்கவேண்டியதில்லை. இலங்கை முழுக்க வீடு வீடாகப் போய் எடுத்த ஒரு கணக்கெடுப்பில் ஒரு வருடத்தில் 80,000 பேருக்கு மேல் பாம்பு கடித்ததாகவும், விஷம் ஏறியது ஏறக்குறைய 30,000 பேருக்கு என்றும், இறந்தது சுமார் 400 பேர் என்றும் மதிப்பிட்டார்கள். அப்படியானால் கடிபட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு விஷமே ஏறவில்லை. விஷமில்லாத பாம்பாக இருக்கும், அல்லது விஷப்பாம்பு விஷத்தை இறக்காமல் கடித்திருக்கும். அவர்கள் எந்தப் பரிகாரியாரிடம் போனாலும், எங்கும் போகாவிட்டாலும் பிழைப்பார்கள். பரிகாரியார் வெற்றிலையில் மை பார்த்தாலும் பச்சிலை வைத்தாலும் அந்தப் பெயர் அவருக்கே சேரும். மரியாதைக்குரிய பரிகாரிமார் சிலரை எனக்கே தெரியும், இமை தொங்கினாலோ பல் முரசில் இரத்தம் கண்டாலோ அந்த நிமிடமே எங்களிடம் அனுப்பி வைப்பார்கள், சிலர் ஓட்டோக் காசும் கொடுத்து அனுப்புவார்கள். உங்கள் கணவருடைய நிலை அந்த எல்லையைத் தாண்டிவிட்டது. செத்த விரலுக்கு எண்ணெயும் மருந்துப் பத்தும் போட்டு உயிர் கொடுக்க எந்த வைத்தியத்தாலும் முடியாது, என்னாலும் முடியாது. காயம் முழுக்க ஆறின பிறகு மூட்டு நோவுக்கு எண்ணெய் பூச ஆசைப்பட்டால் பூசுங்கள், தடை சொல்லமாட்டேன்.

உங்களுக்கு இருக்கிற உரிமையையும் சொல்லவேண்டும். கையெழுத்து வைக்க வேண்டியவர் நீங்களோ அண்ணனோ அல்ல, உங்கள் கணவர். அவர் தெளிவாக இருக்கிறார், அவருக்குத்தான் முதலில் விளங்கப்படுத்த வேண்டும், அவருக்கு விளங்குகிற மொழியில். விளங்காமல் ஒரு தாளிலும் கையெழுத்து வைக்கத் தேவையில்லை. இரண்டாவது அபிப்பிராயம் கேட்கலாம், பிளாஸ்டிக் சத்திர சிகிச்சை நிபுணர் பார்க்கமுடியுமா என்று கேட்கலாம், வேறு அரச வைத்தியசாலைக்கு மாற்றச் சொல்லியும் கேட்கலாம், அப்படி மாற்றினால் அம்புலன்ஸில் கடிதத்தோடு போவார். இதெல்லாம் சொந்தப் பொறுப்பில் கையெழுத்து வைத்து வெளியேறுவதிலிருந்து முற்றிலும் வேறு. கேட்டால் டொக்டர் கோபிப்பார் என்று பயப்படாதீர்கள். காலை ரவுண்ட் முடிகிற நேரம் பார்த்து, ஒரு கொப்பியில் கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டு, தாதி மிஸ்ஸியிடம் சொல்லி, ஐந்து நிமிடம் கேளுங்கள்.

என்ன கேட்பது என்றால்: விரல் காய்ந்த நிலையா ஈர நிலையா. எவ்வளவு எடுப்பீர்கள், பெருவிரல் தப்புமா. இன்று காலைச் சீனி எவ்வளவு. கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை) எவ்வளவு, இறங்குகிறதா ஏறுகிறதா. புடையன் விஷம் சிறுநீரகத்தையும் அடிக்கும், அதனால் கடைசிக் கேள்வி முக்கியம், அவர் ஒரு நாளைக்கு எவ்வளவு சிறுநீர் போகிறார் என்பதை நீங்களும் கவனியுங்கள். நோவுக்கு வெளியில் பாமசியில் டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரை வாங்கிக் கொடுக்கவேண்டாம், அடிபட்ட சிறுநீரகத்துக்கு அது இன்னொரு அடி. ஏற்பு ஊசி (டெட்டனஸ் ஊசி) போட்டாயிற்றா என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், முதல் நாள் இரத்தம் உறையாதபோது தசையில் ஊசி போடுவதைத் தள்ளி வைத்திருப்பார்கள்.

தோல் வைத்த பிறகு

செத்ததை எடுத்தவுடன் காயம் பார்க்கப் பயங்கரமாக இருக்கும், முன்பைவிடப் பெரிதாகத் தெரியும். அழாதீர்கள். அடியிலிருந்து சிவப்பாக, சின்னச் சின்ன மணி மாதிரி புதுச் சதை வளரவேண்டும், அதைக் கண்டால் நல்ல செய்தி. அது முழுக்கப் பரவிய பிறகுதான் தொடையிலிருந்து கடதாசி மாதிரி மெல்லிய தோலை எடுத்து ஒட்டுவார்கள். முதல் ஐந்து நாள் கால் அசையக்கூடாது, தோல் பிடிப்பதும் பிடிக்காததும் அந்த ஐந்து நாளில்தான் இருக்கிறது. எடுத்த இடம் இரண்டு கிழமைபோல் எரியும், பிறகு ஆறிவிடும். பீடி குடிப்பவர் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த ஒரு மாதம் ஒன்றுகூட வேண்டாம், புகை சின்ன இரத்தக் குழாய்களைச் சுருக்கும், ஒட்டின தோல் பட்டினி கிடந்து கழன்றுவிடும். நண்பர்கள் வாட்டுக்கு வரும்போது ஒளித்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள், அதைத் தடுப்பது உங்கள் பொறுப்பு.

ஒரு சின்ன விஷயத்தைப் பலர் கவனிக்காமல் விட்டு, பிறகு வருடக்கணக்கில் நொண்டுகிறார்கள். படுக்கையில் கிடக்கும்போது பாதம் தானாகவே கீழ்நோக்கித் தொங்கும். கிழமைக் கணக்கில் அப்படியே கிடந்தால் குதிநரம்பு சுருங்கி, காயம் ஆறின பிறகும் குதி நிலத்தில் படாது. இப்போதிருந்தே பாதம் சுவரில் மிதித்து நிற்பது மாதிரி நேராக இருக்கவேண்டும். கட்டில் காலடியில் ஒரு பெட்டியோ தலையணையோ வைத்து முட்டுக் கொடுங்கள், பிசியோதெரபி மிஸ் எப்போது வருவார் என்று கேட்டு, அவர் சொல்கிற பயிற்சியை வீட்டிலும் விடாமல் செய்யுங்கள். காயத்தில் ஒரு மூலை மாதக்கணக்கில் ஆறாமல் நின்றால், நோகவில்லை என்று விட்டுவிடாமல் கிளினிக்கில் காட்டுங்கள். வருடக்கணக்கில் ஆறாத புண்ணில் புற்றுநோய் வருவதும் உண்டு.

வருமானம் இல்லாமல் சில மாதம் போகும். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் பாருங்கள், வீட்டுக்கு வரும்போது தருகிற டயக்னோசிஸ் காட்டின் (நோய் விபரம் எழுதிய அட்டையின்) போட்டோக் கொப்பியை நாலைந்து எடுத்து வையுங்கள், எங்கே போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

கடைசியாகக் கேட்டிருக்கிறீர்கள், சிறுபோகத்துக்கு வயலில் இறங்குவாரா என்று. சித்திரையில் உழவுக்கு இறங்குவார் என்று என்னால் சொல்லமுடியாது, தோல் பிடித்து உறுதியாவதற்கு முன் சேற்றில் கால் வைத்தால் எல்லாம் வீணாகும். எல்லாம் நல்லபடி போனால் அந்தப் போகத்தின் நடுவில் வரம்பில் நடந்து தண்ணீர் பார்க்கலாம். நான்காம் ஐந்தாம் விரல் இல்லாமல் மண்வெட்டி பிடிப்பவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நடையில் உந்திக் கொடுப்பது பெருவிரல், அது அவருக்குப் பத்திரமாக இருக்கிறது. இறங்குகிற அன்றைக்கு முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள், வலது காலில் தடித்த மேஸ் போட்டுக்கொண்டு போடக்கூடியதாக ஒரு அளவு பெரிதாகப் பார்த்து வாங்குங்கள். ஒட்டின தோலில் உணர்ச்சி குறைவாகத்தான் இருக்கும், உள்ளே ஒரு கல் கிடந்தாலும் அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு நாளும் பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போடச் சொல்லுங்கள், அந்திக்கு வந்து கழற்றினதும் பாதத்தை வெளிச்சத்தில் நீங்களே ஒருதரம் திருப்பிப் பாருங்கள்.